ஓடாமலே நீலமான குழாய்

"டீச்சர், கொஞ்சம் குந்தி இதைப் பாருங்க."

ஏறாவூரில் றிஸ்வானின் கராஜ். தகரக் கூரைக்கு மேலே பகல் வெயில், கூரைக்குக் கீழே எண்ணெய் மணம். சாறியைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினேன். அவன் பழந்துணி ஒன்றால் சைலன்சர் குழாயை ஒரு தரம் அழுத்தித் துடைத்தான். எஞ்சினிலிருந்து வளைந்து கீழே இறங்குகிறதே, அந்த இடத்தை.

நான் சித்திரம் படிப்பிக்கிறவள். நிறத்தைக் கண்டால் எனக்கு வேறு எதுவும் காதில் விழாது. எஞ்சினை ஒட்டிய இடத்தில் மழைக்கு முந்திய கருநீலம். விரலகலம் கீழே இறங்கினால் மயில் கழுத்து. அதற்கடுத்துக் கத்தரிப்பூ. பிறகு தேன், கடைசியில் வைக்கோல். வைக்கோலுக்கு அப்பால்தான் குழாயின் பழைய வெள்ளிப் பளபளப்பு. ஒரு நிறம் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று தொட்டுக் காட்ட முடியாது. இத்தனை வருடம் தூரிகை பிடித்தும் என் கைக்கு அப்படி ஒரு கலவை ஒரு நாளும் வந்ததில்லை.

"என்ன வடிவு!" என்று சொல்லிவிட்டேன்.

றிஸ்வான் தலையில் அடித்துக்கொண்டான்.

"வடிவா? இது காய்ச்சல் டீச்சர். உங்கட சைக்கிளுக்குக் காய்ச்சல். உண்மையச் செல்லுங்க, எங்க போறீங்க? பதுளை றோட்டால மலைக்கு ஏறுறீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வவுணதீவில் வீடு. வலையிறவுப் பாலம் கடந்து, ஏறாவூர் தாண்டிச் செங்கலடிப் பக்கம் பள்ளிக்கூடம். போகிற வழி முழுக்க உள்ளங்கை போலத் தட்டையான தரை. அதில் நான் ஓடுகிற ஓட்டத்தை ஊரே அறியும். குறுக்கே மாடு வந்தால், அது யோசித்து முடிக்கும்வரை நிற்பேன். உழவு இயந்திரங்கள் என்னை முந்திப் போகும். முந்தும்போது ஓட்டுபவர்கள் வணக்கம் டீச்சர் என்பார்கள். திருப்பி வணக்கம் சொல்ல நேரம் இருக்கும்.

"அப்ப காத்துக் கூடிப் போச்சு, பெற்றோல் காணாது," என்று அவனே முடிவு கட்டினான். காபரேட்டரில் ஒரு திருகாணியைத் திருகினான். பிளக்கை மாற்றினான். "இனி நீலம் வந்தா என்ர பேரை மாத்துங்க," என்றான்.

கொஞ்ச நாளில் நீலம் இன்னும் ஒரு விரல் கீழே இறங்கியது. பேரை மாற்றும்படி நான் வற்புறுத்தவில்லை.

பெயரையே எழுதிவிடுகிறேன்

இந்தத் தொடரில் இதுவரை என் கணவரை 'இவர்' என்றே எழுதி வந்தேன். போன கிழமை ஒரு வாசகி, எந்த இவர், எந்த அவர் என்று குழம்பிப் போனதாகச் சொன்னார். நியாயம்தான். இனிப் பெயரையே எழுதுகிறேன். யோகன்.

யோகன் ஒட்டு வேலைக்காரர். வெல்டிங். எங்கள் பழைய பள்ளிக்கூடத்து வாசலின் இரும்புப் படலையை ஒட்ட வந்தவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அந்தக் கதையின் பெரும் பகுதி அச்சுக்கு உதவாது. உதவுகிற பகுதி இது.

நான் புதிதாகச் சேர்ந்த காலம். படலையடியில் வெளிச்சம் பளிச்சிடுவதை வகுப்பு ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். முகமூடியைத் தூக்கிவிட்டு, "டீச்சர், அதைப் பாக்காதீங்க, கண் போயிரும்," என்று கத்தினார். பார்க்காதே என்றால் எனக்குக் கோபம் வரும். இறங்கிப் போய், ஏன் பார்க்கக் கூடாது என்று கேட்டேன். தரையில் கிடந்த ஒரு துருப்பிடியா இரும்புத் துண்டை எடுத்து நீட்டினார். ஒட்டின தழும்பின் இரண்டு கரையிலும் தங்கமும் ஊதாவும் நீலமும் அலை அலையாக விரிந்து கிடந்தன.

"இதைப் பாருங்க. கண்ணுக்கு ஒண்டும் செய்யாது."

"என்ன பெயின்ட் இது?"

"பெயின்ட் இல்ல டீச்சர். சூடு. எவ்வளவு சூடு பட்டதெண்டு இரும்பு காட்டுற நிறம். தங்கம் எண்டா நல்ல ஒட்டு. நீலம் எண்டா கூடிப் போச்சு. சாம்பல் எண்டா எறிஞ்சிட்டுத் திரும்பச் செய்யோணும்."

அந்தத் துண்டு இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. காகிதம் பறக்காமல் இருக்க வைக்கிறேன்.

பிறகு அவர் வளைகுடாவுக்குப் போனார். எங்கள் பக்கத்தில் ஒட்டத் தெரிந்தவர்கள் எல்லாம் போன காலம் அது. அங்கே இந்த நிறங்களுக்கு மரியாதை இல்லை என்று தொலைபேசியில் குறைப்பட்டுக்கொள்வார். குழாய் ஒட்டி முடிந்ததும் ஒரு அமிலப் பசையைப் பூசி, நிறத்தையெல்லாம் தின்னவிட்டுக் கழுவிவிட வேண்டுமாம். "ஒரு சொட்டு நிறம் தெரிஞ்சாலும் சுப்பவைசருக்குப் பிடிக்கா," என்பார். நல்ல வேளை, நான் அங்கே சித்திர ஆசிரியையாகப் போகவில்லை.

மோட்டார் சைக்கிளை அவர் விடுமுறையில் வந்தபோது எடுத்தோம். பேருந்துக்குக் காத்து நின்று என் பாதி வாழ்க்கை போய்விட்டது என்று நான் புலம்பியதன் பலன். முதல் ஓட்டம் கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்கு. சந்தனம் வைத்து, சில்லுக்குத் தேசிக்காய் வைத்து, நசித்து, எல்லாம் முடிந்து வீட்டுக்குக் கிறுகி வந்ததும் யோகன் குந்தியிருந்து குழாயைப் பார்த்தார். மெல்லிய வைக்கோல் நிறம் வந்திருந்தது.

"வந்திட்டு," என்றார். பிள்ளைக்கு முதற்பல் வந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

ஆரோ கொண்டுவந்து சாத்திய கால்

விடுமுறை முடிந்து போனவர் திரும்பி வந்தது சக்கர நாற்காலியில்.

கட்டடத்துச் சாரத்தில் நின்று வேலை செய்தபோது பலகை சரிந்ததாம். முள்ளந்தண்டில் அடி. அங்கேயே சத்திர சிகிச்சை. உயிர் தப்பியது பெரிய காரியம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். மெல்ல மெல்ல நாற்காலியை விட்டுத் தடிக்கு வந்தார். இடது கால் பழையபடி நின்றது. வலது கால் மடங்கும், நீளும், ஆனால் முழங்காலுக்குக் கீழே ஒரு உணர்வும் இல்லை.

"இது என்ர கால் இல்ல புள்ள," என்றார் ஒருநாள். "ஆரோ கொண்டுவந்து என்னில சாத்தி வெச்ச கால்."

பாதத்தில் முள் ஏறினால் தரையில் இரத்தத்தைக் கண்டுதான் தெரிந்துகொள்வார். எறும்பு ஊரினால் நான்தான் தட்டிவிட வேண்டும். நரம்பு நசிந்திருக்கிறது, உணர்வு வரலாம், வராமலும் போகலாம் என்றார் டொக்டர். 'வரலாம்' என்ற சொல்லை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். யோகன் மற்றதைக் கொண்டுவந்தார்.

மோட்டார் சைக்கிளில் பின் பிரேக் வலது காலுக்குத்தான். ஆகவே ஓட்டுவது முடிந்த கதை.

செங்கலடியில் படலையும் ஜன்னல் கிறிலும் செய்கிற அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் இருக்கிறார். வீட்டுக்கு வந்து, "இருந்துகொண்டே ஒட்டலாம் மச்சான், மேசை போட்டுத் தாறன்," என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். அந்தப் பட்டறை என் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. காலையில் நான் இறக்கிவிட்டு, வரும்போது ஏற்றி வரலாம். இதைவிட லேசான ஏற்பாடு உலகத்தில் உண்டா?

யோகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பொம்புள ஓட்ட, நான் பின்னால இரிந்து சந்தி தாண்டவா?"

எங்கள் பக்கத்தில் மனைவியை முன்னால் ஓட்டவிட்டுக் கணவன் பின்னால் இருந்து போனால் அந்த ஆள் முடிந்தான். சந்தியில் நிற்கிற அத்தனை பேருக்கும் அன்றைக்குப் பேச விஷயம் கிடைத்துவிடும். ஒருவன் தாலி ஆர் கட்டினது என்பான். மற்றவன் அண்ணே, சாறிய இழுத்துச் செருகுங்க என்பான். இத்தனையையும் ஒரு காலத்தில் யோகனே சந்தியில் நின்று சொன்னவர்தான். அதனால்தான் அவருக்கு அவ்வளவு பயம்.

அப்படியே மாதங்கள் போயின. எங்கள் மகள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து விடுதியிலிருந்து சனிக்கிழமைகளில் வந்து, அப்பாவைக் கொஞ்சம் சிரிக்க வைத்துவிட்டுப் போவாள். மற்ற நாட்களில் அவர் வீட்டு வளவுக்குள்தான். படலையடிக்குக்கூடப் போகமாட்டார். வீட்டுக்குள் ஒரு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டே சமைத்தேன், உடுப்புத் தோய்த்தேன், பள்ளிக்கூடம் போனேன். எனக்குப் பயமாக இருந்தது.

குழாய்களைப் பார்க்கிற பழக்கம்

நீலம் வரத் தொடங்கிய பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. எங்கே சைக்கிள் நின்றாலும் குனிந்து குழாயைப் பார்ப்பேன். கோயில் வாசலில், சந்தையில், பாதையில். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் ஊரில் பாதை என்றால் தெரு இல்லை, வாவியைக் கடக்கிற மிதவைப் படகு. மனிதரும் ஆடும் மோட்டார் சைக்கிளும் அதில் ஒன்றாக நின்று, ஒன்றும் பேசாமல் அக்கரைக்குப் போவோம்.

அந்தப் பலகையில் வரிசையாக நிற்கிற சைக்கிள்களின் குழாய்களைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடலாம். வயல் வட்டைக்குள் போய் வருகிறவர்களின் குழாயில் சேறு காய்ந்து, வெந்து, மண் சட்டியின் நிறத்தில் ஒட்டியிருக்கும். மீன் பெட்டி கட்டுகிறவர்களின் குழாயை உப்பு தின்றிருக்கும். புதிதாகக் கலியாணம் கட்டியவர்களின் குழாய் தங்கத்தில் நிற்கும். அவர்களுக்கு அவசரமே இல்லை. வாலிபர்களின் குழாய் நீலம். எல்லா நீலத்துக்கும் ஒரு காரணம் தெரிந்தது. என்னுடையதற்குத்தான் தெரியவில்லை.

ஒரு முறை பாதையின் ஓரத்தில் நின்ற ஒரு சைக்கிளின் குழாயில் அலை தெறித்தது. 'ஸ்ஸ்' என்றது. ஒரு கீற்று ஆவி எழும்பி, கரையோரக் கண்ணாப் பற்றைப் பக்கமாகப் போய்க் கரைந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் இறங்க வேண்டிய துறையில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். பாதைக்காரர், "டீச்சர், திரும்ப அங்காலயா?" என்று கேட்டார்.

மரத்தில் கட்டிய சைக்கிள்

றிஸ்வானிடம் திரும்பப் போனேன். இம்முறை அவன் குழாயை மட்டுமல்ல, என்னையும் ஒரு மாதிரிப் பார்த்தான்.

"பெற்றோலும் குறையுதெண்டு செல்றீங்க. அப்ப ஒண்டுதான் டீச்சர். ஆரோ எடுக்கிறான். நீங்க இல்லாத நேரம் எடுத்து ரேஸ் ஓடிட்டுக் கொண்டுவந்து வெக்கிறான்."

"வீட்டில அவர் இரிக்கிறாரே."

"நித்திரை கொள்ற நேரமா இரிக்கும். சங்கிலி வாங்கிக் கட்டுங்க."

கட்டினேன். தடித்த சங்கிலி, பெரிய பூட்டு. பின்வளவில் மாமரத்தோடு முன் சில்லைச் சேர்த்துப் பூட்டினேன். யோகன் குசினி வாசலில் தடியை ஊன்றிக்கொண்டு, நான் பூட்டுகிற அழகைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கள்ளன் வாறானாம்," என்றேன்.

"ஓ," என்றார்.

அடுத்த கிழமையும் நீலம் இறங்கியது. சங்கிலி பூட்டியபடியே இருந்தது. மாமரமும் நின்ற இடத்தில்தான் நின்றது.

பக்கத்து வீட்டுச் சறோக்கா ஒரு நாள் வேலியால் எட்டிக் கேட்டா: "உங்கட சைக்கிள் பின்னேரத்தில எங்க போய் வருது? சத்தம் கேக்கும். போறது மாதிரிக் கேக்கும், மறுகா வாறது மாதிரிக் கேக்கும். ஆனா படலையால ஒண்டும் வெளிய போறதக் காணல்ல கா."

சறோக்காவுக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பின்னேரங்களில் நான் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் சிறுவர்களுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுப்பேன். நடந்து போகிற தூரம். அன்றைக்குப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெறும் மண்டபத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். படலையைத் திறக்கும்போதே சத்தம் கேட்டது. சைக்கிள் ஓடுகிற சத்தம். மூன்றாம் கியரில், நீண்ட நேரான தெருவில் ஓடுகிற சத்தம். அது என் வீட்டுக்குப் பின்னால் இருந்து வந்தது.

வீட்டைச் சுற்றிப் போனேன்.

சைக்கிள் நடு ஸ்டாண்டில் நின்றது. முன் சில்லு மாமரத்தோடு பூட்டியிருந்தது. பின் சில்லு நிலத்தைத் தொடாமல், கம்பிகள் தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. யோகன் மேலே இருந்தார். இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். கண்கள் பாதி மூடியிருந்தன.

இடது கால் கியரை மாற்றியது. உடம்பு மெல்ல ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தது. அது ஒரு வளைவு. கொஞ்ச தூரம் போய்க் கையை உயர்த்தினார், எதிரே யாரோ தெரிந்தவர் வந்திருக்க வேண்டும். பிறகு வேகத்தைக் குறைத்து, இடது கையைப் பிடியிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்தார். கோயில் ஒன்றைக் கடக்கிறார். வாழையிலைகள் அவருடைய புகையில் ஆடின. வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. இத்தனை மாதமாக நான் காணாத ஒரு முகம் அவருக்கு இருந்தது. காற்றில் போகிற முகம்.

முதலில் எனக்கு வந்தது கோபம். பெற்றோல் போகிறதே, எஞ்சின் போகிறதே, றிஸ்வானிடம் எத்தனை தரம் அலைந்தேன், சங்கிலி வேறு. அந்தக் கோபம் வாய்க்கு வருவதற்கிடையில் அழுகை வந்துவிட்டது. சத்தம் போடாமல் திரும்பிப் போய்ப் படலைக்கு வெளியே நின்றேன். சத்தம் குறைந்து, இரண்டாம் கியருக்கு வந்து, முதலாம் கியருக்கு வந்து, நின்றது. வீடு வந்துவிட்டார் என்று தெரிந்தது. அதன் பிறகுதான் இருமிக்கொண்டு உள்ளே போனேன்.

ஒரு கதைக்குக் கேட்டது

அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பின்னேர வகுப்பு முடிந்தாலும் கொஞ்சம் பிந்தி வரப் பழகினேன். கோயில் வெளியில் நின்றால், காற்று இந்தப் பக்கம் வீசும்போது சத்தம் கேட்கும். இன்றைக்கு எங்கே போகிறார் என்று யோசித்துக்கொண்டு நிற்பேன்.

அப்படியே விட்டிருப்பேன். றிஸ்வான்தான் விடவில்லை.

"றிஸ்வான், ஒரு கதைக்குக் கேக்கிறன். சைக்கிள ஸ்டாண்டில நிப்பாட்டி வெச்சு, நிண்ட இடத்திலயே ஓட்டினா என்னாகும்?"

"ஆரு அப்பிடி ஓட்டுவான்?"

"கதைக்குத்தான்."

"காத்து இல்லயே டீச்சர். ஓடுற சைக்கிளுக்குத்தான் காத்து. நிண்டு ஓடினா சூடு போக இடமில்ல. குழாய் நீலமாகும்..." நிறுத்தினான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு குரலைத் தணித்து, "கன நாள் செஞ்சா எஞ்சின் இறுகிரும். அதோட சரி," என்றான். அவன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

வரும் வழியில் பாலத்தில் சைக்கிளை நிறுத்தினேன். வாவி அசையாமல் கிடந்தது. வலை போட்டிருந்த ஒருவர் தோணியில் இருந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். எஞ்சின் இறுகினால் என் பள்ளிக்கூடம் போகும். அதைவிட, யோகனுக்கு அந்தப் பின்னேரமும் இல்லாமல் போகும். அதுவும் போனால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கும்?

அங்கே நிற்கும்போதுதான் மற்றதும் தோன்றியது. சூட்டின் நிறத்தை வாசிப்பது இந்த மனிதரின் தொழில். நின்று ஓடினால் நீலம் வரும் என்று அவருக்கா தெரியாது? துடைத்துவிடுகிற பசை எது என்றும் தெரியும். நாள்தோறும் நான் ஏறி இறங்குகிற சைக்கிளில், நிறத்தில் கண் வைத்திருக்கிற ஒருத்திக்கு முன்னால், அதை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்.

அன்று பின்னேரம் நான் வகுப்புக்குப் போகவில்லை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய் மாமரத்தடியில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"நேத்து எங்க போன நீங்க?"

கோப்பை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. நான் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவரைப் பார்க்கவில்லை. கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"கொக்கட்டிச்சோலைக்கு."

"தனியவா?"

"இல்ல."

"ஆரோட?"

"நீ பின்னால இரிந்த."

எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்: "நான் என்ன செய்தன்?"

"கதைச்ச. போகும்போதும் கதை, வரும்போதும் கதை. வாய் மூடல்ல."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு நின்ற பிறகு, "நீலம் வந்தது தெரியாதா?" என்றேன்.

"தெரியும்."

"துடைச்சிரிக்கலாமே."

"துடைச்சா உனக்கு எப்பிடித் தெரியும்?"

வளவில் கோழிகள் கூட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை நான் பொறுத்திருந்தேன். பிறகு சொன்னேன்: "இவ்வளவு நாளும் நான் உங்களுக்குப் பின்னால வந்தன். நாளைக்கு நீங்க எனக்குப் பின்னால வாங்க. செங்கலடிக்கு."

"ஆக்கள் பாப்பாங்க புள்ள."

"பாக்கட்டும். நான் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓட்டுறன், நல்ல வடிவா இரிக்கும்."

ஓம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் விடியற்காலையில் அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. காற்சட்டை தேடிக்கொண்டிருந்தார்.

வலையிறவுப் பாலத்துக்கு முன்னால்

முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட்தான் வேண்டும் என்றார். அதன் கறுப்புக் கண்ணாடியையும் இழுத்துவிட்டார். இப்போது அவரை அடையாளம் காண, அவரைப் பெற்றவள் வந்தாலும் முடியாது. "என்னைத் தெரியுமே," என்றேன். "உன்னை எல்லாருக்கும் முந்தியே தெரியும். அதுக்கு என்ன செய்யிற," என்றார்.

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடது காலில் நின்றுகொண்டு, வலது காலைக் கையால் தூக்கி இருக்கைக்கு மேலாகப் போட்டார். குனிந்து கண்ணால் பார்த்துத்தான் பாதத்தைக் கால்மிதிக் கட்டையில் வைத்தார். தடியைக் குறுக்கே மடியில் வைத்துக்கொண்டார். படலையைத் தாண்டும்போது என் தோளைப் பிடித்திருந்த கை இறுகியது. சறோக்கா வாசல் கூட்டிக்கொண்டு நின்றா. விளக்குமாற்றை நிறுத்திவிட்டுப் பார்த்தா.

வயலுக்கு மேலே வெள்ளையாகப் பனி கிடந்தது. வெளிச்சம் அதற்குள்ளால் மெல்ல வந்துகொண்டிருந்தது. கொக்குகள் ஒற்றைக் காலில் நின்றன. எங்கள் எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. எனக்கு அது நிஜமாகவே நடக்கிறதா, அல்லது மாமரத்தடியில் யோகன் ஓட்டுகிற ஏதாவது ஒரு பின்னேரத்துக்குள் நான் இருக்கிறேனா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

"மூண்டில போடு," என்றார் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"மூண்டிலதான் போறன்."

"இது மூண்டுச் சத்தம் இல்ல."

"பேசாம வாங்க."

பேசாமல் வரவில்லை. மாட்டைப் பார், குழியைப் பார், கிளச்சை விடு என்று வாய் மூடாமல் வந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எவ்வளவு சந்தோஷம் என்றால், பாலத்துக்கு முன்னால் தெரு உடைந்து கிடக்கிற இடம் வந்ததையே கவனிக்கவில்லை. சைக்கிள் ஒரு குழியில் இறங்கித் துள்ளி ஏறியது.

"நிப்பாட்டு!"

விழுந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். இரண்டு பிரேக்கையும் பிடித்தேன்.

"நிப்பாட்டு புள்ள, நிப்பாட்டு! சுடுது!"

"என்ன சுடுது?"

"குழாய்! கால் வழுக்கிக் குழாயில பட்டிட்டு! சுடுது!"

காற்சட்டைத் துணி பொசுங்குகிற மணம் வந்தது. எஞ்சினை நிறுத்தினேன். நான் திரும்பவில்லை. இரண்டு கையாலும் சைக்கிளைச் சரியாமல் பிடித்துக்கொண்டு, முன்னால் கிடந்த பாலத்தைப் பார்த்தபடி கேட்டேன்:

"எந்தக் கால்?"

பின்னால் ஹெல்மெட் கண்ணாடி மேலே தூக்கப்படுகிற சத்தம் கேட்டது. அவர் குனிந்து பார்க்கிறார் என்று சைக்கிள் ஒரு பக்கம் பாரமாவதில் தெரிந்தது.

"வலது," என்றார்.

பால் கான் கட்டிய சைக்கிள் ஒன்று எங்களைக் கடந்து போனது. அதில் போனவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். யோகன் முகத்தை மூடவில்லை.

"நோகுதா?"

"ஓம் புள்ள," என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. "நல்லா நோகுது."